ஒன்றரை ஷிப்டும் 1.6 கிலோமீட்டரும்

2022 செப்டம்பரில் அவிநாசியில் அக்னிவீர் ஆள்சேர்ப்பு முகாம் நடந்தது. கோவை ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் எல்லைக்குள் திருப்பூர் மட்டுமல்ல, சேலம், மதுரை, தேனி போன்ற மாவட்டங்களும் வருகின்றன. பொதுப்பணிப் பிரிவுக்கு அன்றைய விதி கறாரானது. 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 நொடிக்குள் ஓடினால் 60 மதிப்பெண். அதற்கு மேல் 15 நொடிக்குள் வந்தால் 48. அதையும் தாண்டினால் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான். பிறகு 10 புல்-அப்ஸ், ஒன்பது அடிப் பள்ளம் தாண்டுதல், வளைந்து செல்லும் கட்டையின் மேல் நடத்தல். 400 மீட்டர் மைதானமாக இருந்தால் ஒரு சுற்றை 82 நொடிகளில் முடித்து, அதே வேகத்தில் நான்கு சுற்று ஓட வேண்டும். பழக்கமில்லாத கால்களுக்கு இது எளிதல்ல.

இந்தக் கால்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். பனியன் தொழிலை நம்பியிருக்கும் இந்தத் திருப்பூர்ப் பகுதியில் ராணுவத்துக்குத் தயாராகும் பையன்களில் பலர் பகலில் கம்பெனியில் நிற்பவர்கள். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே வருகிறார்கள். ஊர் வழக்கில் அது ஒன்றரை ஷிப்ட். செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்றால் நாள் முழுக்க நின்றபடி வேலை. பவர்டேபிளில் உட்கார்ந்தால் முதுகும் கழுத்தும் குனிந்தபடி. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுக்கப் பத்தரை ஆகும். விடியற்காலை நாலரைக்கு மைதானத்துக்கு ஓட வேண்டும். ஆள்சேர்ப்புத் தேதி தெரிந்தவுடன் ஓட்டம் இரட்டிப்பாகும். மூன்றாவது நான்காவது வாரத்தில் கணைக்காலின் உள்பக்கம் வலி தொடங்கும். "ரெண்டு நாள்ல சரியாயிடும், ஓடு தம்பி" என்பார் கூட ஓடும் அண்ணன். பல நேரம் சரியாவதில்லை.

படைவீரர்களின் காயம் என்றதும் நமக்குக் குண்டு, கண்ணிவெடி, பனிச்சரிவு நினைவுக்கு வரும். பயிற்சி முகாம்களின் மருத்துவப் பதிவேடுகளை நிரப்புவது வேறு. கணைக்கால் வலி, முழங்கால் வலி, பாதத்தில் மயிரிழை விரிசல், இடுப்பு வலி, வெப்ப மயக்கம் என்று எதிரி யாரும் இல்லாமல் வரும் காயங்கள் அவை. உலகின் பல ராணுவங்கள் இவற்றை நூறாண்டுக்கும் மேலாக ஆராய்ந்திருக்கின்றன. அந்த ஆய்வுகளைத் தொடர்ந்து வாசித்தபின் எனக்குத் தெளிவாகத் தோன்றுவது இது: இக்காயங்களில் பெரும்பகுதி மைதானத்தில் நிகழ்வதற்கு முன்பே கால அட்டவணையில் எழுதப்பட்டுவிடுகிறது. எத்தனை வாரத்தில் எவ்வளவு தூரம், இடையில் எவ்வளவு தூக்கம் என்று முடிவு செய்பவர்தான் காயங்களின் எண்ணிக்கையையும் பெருமளவு முடிவு செய்கிறார். திருப்பூர்ப் பையனுக்கு அந்த அட்டவணையில் பாதியைக் கம்பெனி எழுதுகிறது. மீதியை ஆள்சேர்ப்பு அறிவிப்பு எழுதுகிறது. அவன் கையில் இருப்பது கொஞ்சம்தான்.

1855இல் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நெடுந்தூர நடைக்குப் பின் இளம் வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பற்றி எழுதினார். அடியில்லை, விழவில்லை, ஆனால் நடக்க முடியவில்லை. அது என்னவென்று அப்போது யாருக்கும் புரியவில்லை. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட இரண்டே ஆண்டுகளில், 1897இல், ஸ்டெக்கோவ் என்பவர் அந்தப் பாதங்களைப் படமெடுத்துப் பார்த்தபோதுதான் உள்ளே எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது. இன்று டாக்டர்கள் அதை ஸ்ட்ரெஸ் பிராக்சர் என்கிறார்கள். ஒரே பெரிய அடியில் வருவதில்லை. தாங்கக்கூடிய சிறு அடிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து வருகிறது.

எலும்பு உயிருள்ள திசு. புதிய சுமை வந்தால் அதற்கேற்பத் தன்னைத் திருத்தி எழுப்பிக்கொள்ளும். ஆனால் அந்த வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஒருவகைச் செல்கள் பழைய எலும்பை அரித்து எடுக்கும். இதற்கு ஏறத்தாழ மூன்று வாரம். பிறகு வேறு செல்கள் புதிய எலும்பைக் கட்டி நிரப்பும். இதற்கு மூன்று மாதம் வரை ஆகும். ஆகவே கடும் பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். சாலையைத் தோண்டிப் போட்டுவிட்டு, மூடுவதற்கு முன்பே அதன்மேல் லாரி விடுவதுபோல, அந்த வாரங்களில்தான் நாம் ஓட்டத்தைக் கூட்டுகிறோம். இதற்கிடையே இதயமும் நுரையீரலும் வேகமாகப் பழகிவிடுகின்றன. மூச்சு வாங்காதபோது இன்னும் ஓடலாம் என்று பையனுக்குத் தோன்றுகிறது. எலும்பு அந்த வேகத்தில் பழகவில்லை என்பதை உணர்த்த வலியைத் தவிர அவனிடம் வேறு கருவி இல்லை. முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயிலும் இந்த விரிசல் பெரும்பாலும் தெரியாது. "எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல" என்ற சொல்லை நம்பி மறுநாளே ஓடப்போனவர்களின் காலில்தான் மயிரிழை முழு முறிவாகிறது.

ஓட்டத்தைக் குறைத்தால் தேர்வில் தோற்றுவிடுவோமே என்ற அச்சம் நியாயமானது. அதற்குப் பதில் சொல்லும் ஆய்வு அமெரிக்க மரைன் படையின் சான் டியகோ பயிற்சி மையத்திலிருந்து 1990களில் வந்தது. என் பார்வையில் இந்தத் துறையிலேயே முக்கியமான அட்டவணை அதுதான். ஒரு தொகுதி வீரர்கள் பயிற்சிக் காலம் முழுவதும் சேர்த்து 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர், ஓடினார்கள். இன்னொரு தொகுதி 41 மைல். மூன்றாவது தொகுதி 33 மைல். நூற்றுக்கு எத்தனை பேருக்கு ஸ்ட்ரெஸ் பிராக்சர் வந்தது என்று பார்த்தார்கள். முறையே 3.7, 2.7, 1.7. இறுதித் தேர்வில் மூன்று மைல் ஓட்டத்தின் சராசரி நேரம் முறையே 20 நிமிடம் 20 நொடி, 20.44, 20.53. ஓட்டத்தில் ஐந்தில் இரண்டு பங்கைக் குறைத்ததும் முறிவு பாதிக்கும் கீழே இறங்கியது. அதற்கு ஈடாக இழந்தது மூன்று மைலில் 33 நொடி. ஒரு அளவுக்கு மேல் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் வேகத்துக்குக் கொடுப்பதைவிடக் காயத்துக்குக் கொடுப்பது அதிகம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

1.6 கிலோமீட்டர் தேர்வில் 33 நொடி பெரிய இடைவெளி என்று ஒருவர் சொல்லலாம். தூரம் மூன்றில் ஒன்று; வித்தியாசமும் அந்த அளவுக்குச் சுருங்கும். அந்தச் சில நொடிகளையும் தூரத்தைக் கூட்டாமலே மீட்கலாம். ஆஸ்திரேலிய ராணுவம் நீண்ட ஓட்டத்தைக் குறைத்து, இடைவெளி விட்டுக் குறுந்தூரம் வேகமாக ஓடும் பயிற்சியைக் கொண்டுவந்தது, காயங்கள் குறைந்தன. நமது தேர்வோ நான்கு சுற்றுத் தேர்வு. அதற்குத் தினமும் எட்டு கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருக்கும் வழக்கம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. அதில் பயன் குறைவு என்பது மட்டும் உறுதி.

இஸ்ரேல் ராணுவத்தின் கதை இன்னும் நேரடியானது. 1980களின் தொடக்கத்தில் அங்கே காலாட்படைப் பயிற்சியில் இருந்த 295 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தபோது 31 சதவீதத்தினருக்கு ஸ்ட்ரெஸ் பிராக்சர் இருந்தது. மில்குரோம், பைன்ஸ்டோன் என்ற எலும்பு மருத்துவர்கள் கால் நூற்றாண்டு காலம் பலவற்றைச் சோதித்தார்கள். கடைசியில் காயத்தை 60 சதவீதத்துக்கும் மேல் குறைத்தவை இரண்டு: இரவில் குறைந்தது ஆறு மணி நேரத் தூக்கத்தைக் கட்டாயமாக்கியது; நடக்க வேண்டிய மொத்தத் தூரத்தைக் குறைத்தது. இரண்டும் உத்தரவில் எழுதக்கூடிய விஷயங்கள். நம் பையனின் பத்தரை முதல் நாலரை வரை எண்ணிப் பாருங்கள். அதே ஆறு மணி நேரம்தான். அங்கே அதற்குக் கீழே போகக்கூடாது என்று வைத்த எல்லை, இங்கே எல்லாம் சரியாக நடந்த ஒரு நல்ல நாளின் கணக்கு. ஆர்டர் அவசரமென்று கம்பெனி இரவு பதினொன்று வரை நீண்டால் மூன்றரை மணி நேரம்.

பலன் தராதவற்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் இளைஞர்கள் பணம் செலவழிப்பது அவற்றில்தான். ஓடுவதற்கு முன் தசைகளை இழுத்து நீட்டினால் காயம் வராது என்பது எல்லா மைதானத்திலும் வேதவாக்கு. ஆஸ்திரேலியாவில் ராட்னி போப் 1,538 பயிற்சி வீரர்களை இரண்டு குழுவாகப் பிரித்துச் சோதித்தார். 2000இல் வெளியான முடிவில் இரு குழுக்களுக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. பாதத்தின் வளைவைப் பார்த்து அதற்கேற்ற ஷூ கொடுப்பதை அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் மூன்றிலும் சோதித்தார்கள். காயம் குறையவில்லை. கிழிந்த ஷூவில் ஓடலாம் என்று இதற்குப் பொருளில்லை. கடன் வாங்கி ஏழாயிரம் ரூபாய் ஷூ வாங்க வேண்டியதில்லை என்றே பொருள்.

ஆனால் ஒரு பழைய பழக்கத்துக்கு எதிர்பாராத ஆதரவு கிடைத்திருக்கிறது. படையில் சேர்வதற்கு முன் இரண்டு ஆண்டுகளாவது கூடைப்பந்து போன்ற பந்து விளையாட்டை ஒழுங்காக ஆடி வந்தவர்களுக்கு ஸ்ட்ரெஸ் பிராக்சர் பாதிக்கும் குறைவாகவே வந்தது என்று மில்குரோம் குழு கண்டது. வெறும் ஓட்டம் ஓடி வந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. குதித்தல், திடீரென நிற்றல், பக்கவாட்டில் திரும்புதல் ஆகியவை எலும்பைப் பல திசைகளிலிருந்தும் உலுக்குகின்றன. அந்த உலுக்கல்தான் எலும்பைக் கெட்டிப்படுத்துகிறது. கொங்குக் கிராமங்களில் கோயில் திடலிலும் பள்ளி மைதானத்திலும் நடக்கும் வாலிபாலும் கபடியும் இதற்குப் போதும். கபடியில் முழங்கால் தசைநார் கிழியும் ஆபத்து இருப்பதால் நான் வாலிபாலுக்கு முதலிடம் தருவேன். ஒன்பதாம் வகுப்பில் ஆடத் தொடங்கிய பையன் பதினேழரை வயதில் ஆள்சேர்ப்புக்குப் போகும்போது அவன் கணைக்கால் தயாராக இருக்கும். பன்னிரண்டாம் வகுப்போடு விளையாட்டை விட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போன பையனிடமிருந்து நாம் பறித்துக்கொண்டது பொழுதுபோக்கை மட்டுமல்ல.

வெப்பத்துக்கு வருவோம். 1950களில் அமெரிக்காவின் பாரிஸ் தீவு மரைன் முகாமில் பயிற்சியின்போது வீரர்கள் வெப்பத்தாக்கில் விழுந்துகொண்டே இருந்தார்கள். யாக்லோ, மினார்ட் என்ற இருவர் வெயில், ஈரப்பதம், காற்றோட்டம் மூன்றையும் ஒரே எண்ணில் சேர்க்கும் அளவீட்டை வகுத்தார்கள். அந்த எண்ணைப் பொறுத்து முகாமில் கொடி ஏற்றுவார்கள். கொடியின் நிறத்தைப் பார்த்துப் பயிற்சியைக் குறைப்பார்கள், நிறுத்துவார்கள். வெப்பத்தாக்குகள் வெகுவாகக் குறைந்தன. இன்று அந்த அளவீடு உலகமெங்கும் தொழிற்கூடங்களுக்கு வந்துவிட்டது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவினரும் அதைக் கொண்டுதான் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் படும் வெப்பத்தை அளந்து வருகிறார்கள். சிப்பாய்க்காகப் பிறந்த அறிவு தொழிலாளிக்கு வந்து சேர்ந்த பாதை இது. சாயப்பட்டறையிலும் ஸ்டீம் அயர்ன் மேஜையிலும் நிற்பவருக்கு இதன் பொருள் உடனே புரியும். உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும் என்பதும் ராணுவங்கள் கண்டதே. குளிர்ந்த வெலிங்டனிலுள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்குப் போகிறவனின் தேவை வேறு. ஜபல்பூருக்கோ நாசிக்குக்கோ கோடையில் போகிறவனின் தேவை வேறு.

இங்கே திருப்பூருக்கு நேரடியாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. 1990களில் ஜோசப் நேபிக் குழுவினர் மரைன் பயிற்சி வீரர்களின் சாக்ஸை மாற்றிப் பார்த்தார்கள். உள்ளே மெல்லிய பாலியஸ்டர் சாக்ஸ், வெளியே தடித்த கம்பளிக் கலவைச் சாக்ஸ் என்று இரண்டு அடுக்காகக் கொடுத்தபோது கொப்புளங்கள் குறைந்தன. பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரமான தோல் உராய்வில் சீக்கிரம் பிய்யும். பருத்தி நூலில் வளர்ந்த இந்த ஊர் இன்று செயற்கை இழை விளையாட்டு உடைகளுக்கு மாற முயல்கிறது. வெளிநாட்டு ஓட்டக்காரர்களுக்காக வியர்வையைக் கடத்தும் துணியைப் பின்னி அனுப்பும் கம்பெனியில் பேக்கிங் செய்யும் பையன், விடியற்காலையில் பழைய பருத்திப் பனியனும் ஈரச் சாக்ஸும் போட்டு ஓடுகிறான். இதைச் சரிசெய்யப் பெரிய திட்டம் தேவையில்லை. மீந்துபோன துணி எல்லாக் கம்பெனியிலும் கிடக்கிறது.

பெண்களைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். ராணுவக் காவல் பிரிவில் பெண் அக்னிவீர்களுக்கு 1.6 கிலோமீட்டரை எட்டு நிமிடத்துக்குள் ஓடும் தேர்வு வைக்கப்பட்டது. கடற்படையிலும் அவர்கள் சேர்க்கப்படுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் பெண் வீரர்கள் ஆண்களின் வேகத்துக்கு, மணிக்கு 7.5 கிலோமீட்டர், நடக்க வைக்கப்பட்டபோது பத்தில் ஒருவருக்கு மேல் இடுப்பெலும்பில் விரிசல் கண்டது. குட்டையான காலை நீட்டி நீட்டி வைத்ததன் விளைவு அது. வேகத்தை 5 கிலோமீட்டராகக் குறைத்து, வேறு சில மாற்றங்களும் செய்ததும் அது நூற்றில் ஒருவருக்கும் கீழே இறங்கியது. அமெரிக்கக் கடற்படையில் ஐயாயிரத்துக்கும் அதிகமான பெண்களுக்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்துப் பார்த்த 2008ஆம் ஆண்டு ஆய்வில் முறிவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. காலை முதல் இரவு வரை டியூப்லைட் வெளிச்சத்தில் வேலை செய்யும் பெண்ணுக்கு வெயிலே மருந்து. அது ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடைக்கிறது.

இன்னும் அடிப்படையானது இரத்தம். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. இந்த நிலையில் எந்தக் கோச்சும் எந்தப் பயிற்சியும் வேகத்தைக் கூட்டிவிட முடியாது. 1970களில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் எட்ஜர்ட்டன், கார்ட்னர் முதலிய ஆய்வாளர்கள் இதைக் கண்கூடாகக் காட்டினார்கள். நம் மலையகச் சகோதரிகள் கொழுந்து பறிக்கும் அந்தத் தோட்டங்களில் இரும்புச் சத்து கொடுத்ததும் இரத்தசோகை அதிகமிருந்தவர்கள் பறித்த கொழுந்தின் எடை கூடியது. அவர்கள் அன்றாடம் நடமாடும் அளவும் கூடியது. அதுவரை அவர்கள் சோம்பலாக இருந்ததாக எண்ணியவர்கள் வெட்கப்பட வேண்டிய முடிவு அது. ஓட்டப் பயிற்சியைத் தொடங்கும் எந்தப் பெண்ணும், பையனும்கூட, முதலில் அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வலி மாத்திரைகளைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. மெடிக்கல் கடையில் சீட்டில்லாமல் வாங்கி, காலையில் ஓட ஒன்று, மாலையில் நிற்க ஒன்று என்று போட்டுக்கொள்வது இங்கே சாதாரணம். அமெரிக்க வீரர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரைகள் எழுதித் தரப்பட்டவர்களிடம் ஸ்ட்ரெஸ் பிராக்சர் ஏறத்தாழ மூன்று மடங்கு காணப்பட்டதாகச் சொன்னது. வலி இருந்ததால்தான் மாத்திரை போட்டார்கள் என்ற வாதத்துக்கும் இடமுண்டு. மாத்திரையே காரணம் என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது. ஆனால் எலும்பு அனுப்பும் ஒரே எச்சரிக்கையை அணைத்துவிட்டு ஓடுவது ஆபத்தென்று சொல்ல ஆய்வே தேவையில்லை.

வேலை நேரம் பற்றிய சட்டம் பழையது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஒரு நாளுக்கு ஒன்பது மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எல்லை வகுத்தது. நின்றே வேலை செய்பவர் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை தர வேண்டும் என்றும் சொன்னது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றம் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது. எதிர்ப்பு வலுத்ததால் மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் அதற்கு முன்பும் இருந்தது, பின்பும் இருக்கிறது. அதை நிறுத்த வேண்டும் என்றால் முதலாளியோடு சேர்ந்து தொழிலாளியும் தயங்குவார், சனிக்கிழமைச் சம்பளக் கவரில் குறைவது அவர் வீட்டு வாடகை என்பதால்.

ஆகவே நடைமுறையில் முடிந்ததைச் சொல்கிறேன். 2023 முதல் ஆன்லைன் எழுத்துத் தேர்வு முதலிலும் ஓட்டம் பிறகும் நடக்கின்றன. இடையில் கிடைக்கும் வாரங்களைத்தான் நம் பிள்ளைகள் வீணடிக்கிறார்கள். எழுத்துத் தேர்வு முடிவு வந்த பிறகே ஷூவைத் தேடுகிறார்கள். விண்ணப்பம் போட்ட அன்றே நடையில் தொடங்கினால் எலும்புக்கு வேண்டிய மூன்று நான்கு மாதம் கிடைக்கும். முதல் மாதம் நடையும் மெதுவோட்டமும் வாரம் மூன்று நாள். இரண்டாம் மாதம் முதல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டம், அதில் ஒரு நாள் மட்டும் 400 மீட்டர் வேக ஓட்டம், நடுவே ஓய்வு. ஞாயிறு மாலை வாலிபால். எந்த வாரமும் முந்தைய வாரத்தைவிடக் கொஞ்சமே கூடுதல். மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறைத்தல். ஓட்ட நாளுக்கு முந்தின இரவு அரை ஷிப்ட் வேண்டாம் என்று சொல்லும் உரிமையைக் கம்பெனி தந்தால் ஏழு மணி நேரத் தூக்கம் சாத்தியம். வாரத்துக்கு மூன்று அரை ஷிப்ட், நான்கு மாதத்துக்கு. கம்பெனியில் இப்படித் தயாராகிறவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கலாம். லைன் மாஸ்டர் நினைத்தால் அவர்களை மாற்றி மாற்றிப் போட்டுச் சமாளித்துவிடலாம். அயர்னிங்கில் நிற்பவனை அந்த மாதங்களில் உட்காரும் வேலைக்கு மாற்றலாம்.

ஆள்சேர்ப்பு அலுவலகமும் அறிவிப்போடு ஒரு பக்கத் தாளைத் தமிழில் இணைக்கலாம். 16 வாரத்துக்கான ஓட்ட அட்டவணை, எந்த வலி வந்தால் நிறுத்த வேண்டும், ஒரே இடத்தில் விரலால் அழுத்தினால் வலிக்கும் எலும்பை யாரிடம் காட்ட வேண்டும் என்ற விவரங்கள் அதில் இருந்தால் போதும். எத்தனை புல்-அப்ஸ் எடுத்தால் எத்தனை மதிப்பெண் என்பதை அச்சிட்டுத் தருபவர்களுக்கு இது அதிக வேலை அல்ல.